செப்டம்பரிலேயே சொல்ல முடியுமா, எந்த கான்ஃபரன்ஸ் வலுவானது என்று?

கேள்வி: கொலம்பஸில், ஓஹையோவில் வசிக்கிறோம். மகள் இங்கே கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் எல்லோரும் காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) பார்க்கிறோம். செப்டம்பர் வந்தால் போதும், அலுவலகத்தில் கான்ஃபரன்ஸ்களில், அதாவது கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளில், எஸ்இசி பெரிதா, பிக் டென் பெரிதா என்ற சண்டை தொடங்கிவிடுகிறது. மூன்று நான்கு வாரம்தான் ஆடியிருக்கும் நிலையில் எதை வைத்துத் தீர்மானிப்பது?

பதில்: உங்கள் அலுவலகத்தில் சரியான மாதத்தில்தான் சண்டை போடுகிறார்கள். ஒரு கான்ஃபரன்ஸுக்குள் நடக்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு அணி ஜெயிக்கிறது, ஒரு அணி தோற்கிறது. அக்டோபர் முழுக்க எப்படி மோதிக்கொண்டாலும் அந்த ஆட்டங்களில் மொத்த வெற்றியும் மொத்தத் தோல்வியும் சமமாகத்தான் இருக்கும். பதினாறு சுமாரான அணிகளைச் சேர்த்து வைத்தாலும் அதிலும் ஒரு சாம்பியன் வரும். ஒரு கான்ஃபரன்ஸை இன்னொன்றோடு ஒப்பிட, வேறு கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஆடும் வெளி ஆட்டங்கள்தான் வழி. ஒரு அணி ஆடும் 12 ஆட்டங்களில் அவை 3 அல்லது 4 மட்டுமே. பெரும்பாலும் செப்டம்பரோடு முடிந்துவிடும்.

அந்த மூன்று நான்கையும் அப்படியே எண்ணிவிடக் கூடாது. எஃப்சிஎஸ் என்னும் அடுத்த நிலைப் பிரிவிலிருந்து பணம் கொடுத்து வரவழைத்த அணியை 56-0 என்று அடித்திருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். தோற்றிருந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள். 2007-இல் அப்பலாச்சியன் ஸ்டேட் மிச்சிகனை அதன் சொந்த மைதானத்தில் 34-32 என்று வீழ்த்தியது போன்றவை அபூர்வம். சிறிய கான்ஃபரன்ஸ் அணிகளைச் சொந்த ஊரில் ஜெயித்ததற்கும் பெரிய மதிப்பு கிடையாது. எஸ்இசி, பிக் டென், பிக் 12, ஏசிசி ஆகிய நான்கு பெரிய கான்ஃபரன்ஸ்களும், எதிலும் சேராமல் தனியாக ஆடும் நோட்டர் டேமும் தங்களுக்குள் மோதியவைதான் கடைசியில் மிஞ்சும். பல அணிகளுக்கு அப்படி ஒரே ஒரு ஆட்டம்தான் இருக்கும்.

ஆதாரம் இவ்வளவு குறைவு என்பதால், கண்ணில் பட்ட ஒரே ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டு பேசுவது ஆபத்து. 2024 ஆகஸ்ட் 31 அன்று ஜார்ஜியா கிளெம்சனை 34-3 என்று நசுக்கியது. எஸ்இசி எங்கே, ஏசிசி எங்கே என்று சொல்லத் தோன்றும். அதே நாளில் ஏசிசி-யின் மயாமி, எஸ்இசி-யின் ஃப்ளோரிடாவை அதன் ஊரிலேயே 41-17 என்று அடித்தது. இவற்றில் எதை நம்புவது? இரண்டையும்தான். ஆனால் யார் யாரோடு ஆடினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஜார்ஜியாவும் கிளெம்சனும் அந்த சீசனில் தங்கள் கான்ஃபரன்ஸின் பட்டத்தை வென்றார்கள். அங்கே மோதியது உச்சியும் உச்சியும். மயாமி ஏசிசி-யின் மேல்தட்டு, ஃப்ளோரிடாவோ அந்த ஆண்டு எஸ்இசி-யின் நடுத்தட்டு. ஆகவே முதல் ஆட்டத்துக்குத்தான் எடை அதிகம்.

இவர் அவரை ஜெயித்தார், அவர் இன்னொருவரை ஜெயித்தார் என்று சங்கிலி போட்டுக் கணக்கிடவும் வேண்டாம். அதே நாளில் நோட்டர் டேம், எஸ்இசி-யின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் மைதானத்தில் 23-13 என்று ஜெயித்தது. அடுத்த வாரம் சொந்த ஊரில், அப்போது மேக் என்ற சிறிய கான்ஃபரன்ஸில் இருந்த நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றது. ஆட்டம் முடிய 31 நொடி இருக்கும்போது நார்தர்ன் இல்லினாய் 35 யார்டு ஃபீல்டு கோல் (உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்தது; பதிலுக்கு நோட்டர் டேம் முயன்ற 62 யார்டு உதை தடுக்கப்பட்டது. இதை வைத்து மேக், எஸ்இசி-யைவிடப் பெரிது என்று யாராவது சொல்வார்களா? அந்த நோட்டர் டேம் பிறகு தொடர்ந்து ஜெயித்து தேசிய இறுதி ஆட்டம் வரை போனது. நார்தர்ன் இல்லினாயோ தன் அடுத்த ஆட்டத்திலேயே, சொந்த கான்ஃபரன்ஸின் பஃபலோவிடம் தோற்றது. ஏழு புள்ளிக்குள் முடிந்த ஆட்டத்தைக் கிட்டத்தட்ட டிராவாகவே நான் எடுத்துக்கொள்வேன். சொந்த மைதானத்துக்குச் சுமார் மூன்று புள்ளி கழித்துவிட்டு, ஒரு ஆட்ட நகர்வுக்கு எத்தனை யார்டு எடுத்தார்கள் என்று பார்ப்பேன். ஸ்கோரைவிட அது நேர்மையாகப் பேசும்.

அப்புறம், தரவரிசை எண். எதிரணி 17-ஆம் இடத்தில் இருந்ததே என்று சீசன் தொடங்கும் முன் வந்த ஆகஸ்ட் பட்டியலைக் காட்டுவார்கள். 2023-இல் கொலராடோ அப்படி 17-ஆம் இடத்திலிருந்த டிசியு-வை 45-42 என்று ஜெயித்தபோது நாடே அதிர்ந்தது. டிசியு முந்தைய சீசனின் இறுதி ஆட்டம் வரை வந்த அணி. ஆனால் சீசன் முடிந்தபோது டிசியு 5-7 (5 வெற்றி, 7 தோல்வி), கொலராடோ 4-8. பெயர் அதே பெயர், ஆட்டக்காரர்கள் வேறு. ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்கு மாற வழி செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு போன வருஷத்து அணி இந்த வருஷம் அப்படியே வருவதில்லை. எஸ்பி பிளஸ், எஃப்பிஐ போன்ற கணினிக் கணிப்புகளும் தொடக்கத்தில் பழைய சீசன்கள், புதிதாகச் சேர்த்தவர்களின் தரம், திரும்பி வரும் ஆட்டக்காரர்கள் ஆகியவற்றில்தான் சாய்ந்திருக்கும். வாரம் ஆக ஆகத்தான் இந்த ஆண்டின் ஆட்டம் அதில் ஏறும். செப்டம்பர் வெற்றி ஒவ்வொன்றையும் நவம்பரில் மறுபடி எடைபோடுங்கள்: அன்று ஜெயித்தது யாரை?

இதனால் செப்டம்பர் முடிவெல்லாம் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். 2023-இன் முதல் இரண்டு வாரத்தில் எஸ்இசி-க்கு அடி மேல் அடி. ஃப்ளோரிடா ஸ்டேட் எல்எஸ்யு-வை 45-24 என்று வென்றது. அப்போது பிக் 12-இல் இருந்த டெக்சாஸ், அலபாமாவை அதன் ஊரிலேயே 34-24 என்று வென்றது. மயாமி டெக்சாஸ் ஏ அண்ட் எம்-ஐ, யூட்டா ஃப்ளோரிடாவை, நார்த் கரோலினா சவுத் கரோலினாவை. ஒன்று என்றால் விபத்து எனலாம். ஐந்து வெவ்வேறு அணிகள் ஒரே திசையில் தோற்றால் அது சேதி. எஸ்இசி அடியோடு சரிந்துவிடவில்லை, தேசியப் பட்டத்துக்கான நான்கு அணி பிளேஆஃபுக்குள் அலபாமா நுழைந்தது. ஆனால் நான்கு சீசன் தொடர்ந்து தேசியப் பட்டம் வைத்திருந்த அந்த கான்ஃபரன்ஸிலிருந்து இறுதி ஆட்டத்துக்கு ஒரு அணிகூட வரவில்லை. மிச்சிகனும் வாஷிங்டனும் ஆடினார்கள்.

இன்னொன்று, வலு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். 2024-இல் பிக் டென்னிலிருந்து ஒரெகன், ஓஹையோ ஸ்டேட், பென் ஸ்டேட், இண்டியானா என நான்கு அணிகள் பிளேஆஃபுக்குப் போயின. அதே பிக் டென்னின் பர்டூ, செப்டம்பரில் நோட்டர் டேமிடம் 66-7 என்று தோற்று, 1-11 என்று முடித்தது. அதே ஆண்டு எஸ்இசி-யில் வாண்டர்பில்ட், அலபாமாவை 40-35 என்று வென்றது. உச்சியில் யார் என்பது ஒரு கேள்வி, வாராவாரம் யாருக்குக் கஷ்டம் என்பது வேறு கேள்வி. கான்ஃபரன்ஸ் வலு என்றால் எனக்கு இரண்டாவதுதான். நடுவில் இருக்கும் ஆறாவது முதல் பதினோராவது அணி வரை வெளியில் எப்படி ஆடினார்கள் என்று எழுதி வையுங்கள். நான்காவது வாரத்துக்குள் ஓரளவு படம் கிடைத்துவிடும்.

நவம்பர் கடைசி வாரத்தில் எஸ்இசி-யும் ஏசிசி-யும் பழைய ஊர்ப் பகை ஆட்டங்களில் மறுபடி சந்திக்கும். அந்த ஒப்பீட்டை அங்கே சரிபார்க்கலாம். பிக் டென்னுக்கும் எஸ்இசி-க்கும் அப்படி வாய்ப்பு இல்லை. சீசன் முடிவில் நடக்கும், பிளேஆஃபில் சேராத சாதாரண பவுல் ஆட்டங்களில் முக்கிய ஆட்டக்காரர்கள் பலர் ஒதுங்கிவிடுவதால் நான் குறைத்தே மதிப்பிடுவேன். பிளேஆஃபில் எல்லோரும் முழு பலத்தோடு இறங்குவார்கள். 2024 சீசனில் ஓஹையோ ஸ்டேட் அங்கேதான் எஸ்இசி-யின் டென்னசியை 42-17, அதற்குள் எஸ்இசி-க்கு மாறிவிட்ட டெக்சாஸை 28-14 என்று வென்றது. உங்கள் அலுவலகத்து எஸ்இசி ஆட்களிடம் எடுத்துக்காட்ட நல்ல ஆட்டங்கள் அவை. ஆனால் அவை ஓஹையோ ஸ்டேட்டைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு பிக் டென்னின் நடுத்தட்டைப் பற்றிச் சொல்லாது.