அவள் உங்கள் கணவரைத்தான் அழைக்கிறாள்

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மகாராஷ்டிரத்தில் ஓர் இல்லத்திலிருந்து மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்து அழைத்து வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. உதட்டுப் பிளவும், வாயின் மேற்கூரையான அண்ணத்தில் பிளவும் உள்ளவள். உதட்டை அங்கேயே தைத்துவிட்டார்கள். அண்ணத்துக்கான அறுவைச் சிகிச்சை இங்கே அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது.

ரத்தம் எடுக்கும்போதுகூட அவள் அழுவதில்லை. செவிலியர்கள் தைரியசாலி என்று கொஞ்சுகிறார்கள். தலையணைக்கு அடியில் ரொட்டித் துண்டுகளை ஒளித்து வைக்கிறாள். கூப்பிட்டால் பல நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை. என்னை அம்மா என்கிறாள். என் கணவரையும் அம்மா என்றே அழைக்கிறாள். நூறு முறை சொல்லிக் கொடுத்தாயிற்று. அவர் வெளியே காட்டிக்கொள்வதில்லை, ஆனால் வாடிப்போகிறார். இங்குள்ள நண்பர்கள் பெரிய புண்ணியம் செய்திருக்கிறீர்கள் என்கிறார்கள். ஊரில் என் மாமியார், கிரகணத்தில் வந்த குறை என்கிறார்.

இன்னும் எங்களோடு ஒட்டாத குழந்தையை அறுவைச் சிகிச்சை மேசையில் கிடத்தலாமா? ஓராண்டு தள்ளிப்போடலாமா? எங்கள் மீது அவளுக்குப் பாசம் வரவில்லையோ என்ற பயத்தில் தூக்கம் போய்விட்டது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவரை முதலில் கூப்பிடுங்கள். அடுத்த பத்தியை அவர் படிக்க வேண்டும்.

மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று பள்ளி இலக்கணத்தில் படித்திருப்போம். 'ம' சொல்லும்போது காற்று மூக்கு வழியாகப் போகிறது. 'ப' அப்படியல்ல. உதடுகளை மூடி, வாய்க்குள் காற்றை அடைத்து, பிறகு திறக்க வேண்டும். காற்று அடைபட வேண்டுமானால் அண்ணத்தின் பின்பகுதி எழும்பி, மூக்குக்குப் போகும் வழியை மூட வேண்டும். உங்கள் மகளுக்கு அந்தக் கதவு இன்னும் அமையவில்லை. அவள் உதடுகளைச் சரியாகத்தான் மூடுகிறாள். காற்று மூக்கு வழியே கசிந்துவிடுகிறது. 'ப' என்று கிளம்பியது 'ம' ஆக வெளியே வருகிறது. 'அப்பா' என்று அழைக்கிறாள், 'அம்மா' என்று கேட்கிறது. இத்தனை நாளும் அவள் உங்களைத்தான் அழைத்துக்கொண்டிருக்கிறாள் ஐயா.

பால், பசி, பாட்டி, தாத்தா எல்லாவற்றையும் அவள் எப்படிச் சொல்கிறாள் என்று கவனியுங்கள். வல்லினம் ஆறும் அவளுக்கு இப்போது எட்டாதவை. அண்ணம் தைக்கப்பட்ட பிறகும் தானாக வந்துவிடாது. பேச்சுப் பயிற்சியாளர் மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு ஆண்டுக்கணக்கில், உட்கார்ந்து கற்றுத்தர வேண்டியிருக்கும்.

கூப்பிட்டால் திரும்பாததையும் பாசக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். நடுக்காதுக்குக் காற்று போகும் குழாயைத் திறந்து மூடுவது அண்ணத்துத் தசைதான். அது சரியாக இயங்காதபோது காதுக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. அண்ணப்பிளவு உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இது வருகிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதைப்போல அவளுக்கு உங்கள் குரல் கேட்கலாம். அதுவும் ஐந்து மாதம் முன்புவரை அவள் கேட்டது மராத்தி. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே செவித்திறன் சோதனை கேளுங்கள். காதில் சிறு குழாய் பொருத்த வேண்டியிருந்தால் அதே மயக்க மருந்தில் முடித்துவிட முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு மயக்கம் மிச்சம்.

இனி, அவள் அழாததைப் பற்றி.

என் மகள் மேற்கு வங்கத்தில் பிறந்தவள். 2007இல் இரண்டரை வயதில் எங்களிடம் வந்தாள். அவளுக்கும் இதே பிளவு. முதல் முறை ரத்தம் எடுத்தபோது கண் சிமிட்டாமல் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அன்றிரவே என் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிப் பெருமைப்பட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. குழந்தை அழுவது யாரோ வருவார்கள் என்ற நம்பிக்கையில். ஓர் ஆயாவுக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் இருக்கும் இடத்தில், அந்த ஆயா எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அழுதால் யாரும் வராத நேரங்களே அதிகம். குழந்தை அழுகையை விட்டுவிடுகிறது. வலி போய்விடவில்லை தங்கையே, சொல்வதை நிறுத்திக்கொண்டது. செவிலியர்கள் தைரியசாலி என்று பாராட்டினால், தயவுசெய்து நீங்களும் சேர்ந்து பாராட்டாதீர்கள். "வலிக்கிறது, எனக்குத் தெரியும், நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். அவள் பேசாவிட்டாலும் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டுக்கு அவள் வந்த ஒன்பதாவது மாதம் அது மாறியது. வாசற்படியில் தடுக்கி முழங்காலில் சிறு சிராய்ப்பு. அலறிக்கொண்டு என்னைத் தேடி ஓடிவந்தாள். கரண்டியோடு நின்ற நான் அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடித்தது. அந்த நாளை இன்றும் வீட்டில் நினைவுகூர்கிறோம்.

அதற்கு முன் நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். அண்ணத்துக்கான அறுவைச் சிகிச்சை நாளில், கையில் ஊசி செருக அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, இரு தோள்களையும் அழுத்திப் பிடிக்குமாறு என்னிடம் சொன்னார்கள். பிடித்தேன். அவள் கத்தவில்லை, என் முகத்தையே பார்த்தாள். வீட்டுக்கு வந்தபிறகு பல நாள் என் கையால் ஒரு வாய் வாங்கவில்லை. அவள் அப்பா ஊட்டினால்தான் சாப்பிட்டாள்.

அழுத்தும் கை உங்களுடையதாக இருக்க வேண்டாம். முன்கூட்டியே, எழுத்தில், மருத்துவமனையிடம் கேளுங்கள்: ஊசி போடும் இடத்தில் முதலிலேயே மரத்துப்போகும் களிம்பு தடவ வேண்டும். அவள் உங்கள் மடியில், உங்கள் மார்பைப் பார்த்தபடி உட்கார வேண்டும். நீங்கள் அணைத்துக்கொண்டிருப்பீர்கள், கையைப் பிடிப்பது செவிலியர் வேலை. மயக்கம் வரும்வரையிலும், கண் விழிக்கும்போதும் உங்கள் இருவரில் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவள் கண் விழிக்கும்போது வெறும் அந்நிய முகங்கள் இருந்தால், இன்னொரு முறை கைமாற்றப்பட்டோம் என்றுதான் அவளுக்குத் தோன்றும். "குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த குழந்தை" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். பல இடங்களில் இதைக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் எனக்கு அன்று தெரியவில்லை.

தள்ளிப்போடலாமா என்றால், முடிவு உங்கள் மருத்துவக் குழுவுடையது, ஆனாலும் என் மனம் வேண்டாம் என்கிறது. அண்ணத்தை வழக்கமாக 9 முதல் 18 மாத வயதுக்குள் தைத்துவிடுகிறார்கள். அவளுக்கு ஏற்கெனவே தாமதம். வாயில் அடைக்க முடியாத காற்றைத் தொண்டைக்குள் அடைத்துப் பேசும் பழக்கம் ஊறிவிட்டால், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. ஓராண்டு காத்திருப்பதைவிட, கையிலிருக்கும் இந்த நான்கு வாரத்தைத் தயாரிப்புக்குச் செலவிடுங்கள்.

எதற்குத் தயாரிப்பு? கை வாய்க்குள் போகாதபடி முழங்கை மடங்காத உறை போடுமாறு மருத்துவர்கள் சொல்லலாம், சில வாரங்களுக்கு. விரல் சூப்பித் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் குழந்தையாக இருந்தால், அவளுக்கு இருக்கும் ஒரே துணையைக் கட்டிப்போடுவதற்குச் சமம் அது. உறையை இப்போதே வாங்கி, முதலில் பொம்மைக்குப் போடுங்கள், பிறகு உங்கள் கையில், பிறகு அவளுக்கு ஐந்து நிமிடம். அடுத்தது சாப்பாடு. இரண்டு மூன்று வாரம் கடிக்கும் உணவே கிடையாது. ரொட்டியை ஒளித்துவைக்கும் குழந்தைக்குத் திடீரென ரொட்டி நின்றுபோனால் என்ன நினைப்பாள்? கஞ்சி, குழைத்த ரசம் சாதம், தயிரில் கரைத்த இட்லி என்று மருத்துவர் அனுமதிப்பதை இப்போதிருந்தே வேளைக்கு ஒன்றாகப் பழக்குங்கள். கிண்ணம் எப்போதும் அவள் கண்ணில் படும்படி இருக்கட்டும். தலையணைக்கு அடியில் இருப்பதை எடுத்து எறியாதீர்கள். மூடிபோட்ட டப்பா ஒன்றை அவளுக்கென்றே கொடுங்கள், தினமும் அவள் முன்னாலேயே நிரப்புங்கள்.

உங்கள் மாமியாரிடம் ஒன்றைச் சொல்லலாம். மேலுதடு சேர்வது கருவின் 4ஆம் வாரத்திலிருந்து 7ஆம் வாரத்துக்குள். அண்ணம் 6 முதல் 9 வாரத்துக்குள். கருவுற்றதே பல பெண்களுக்குத் தெரியாத நாட்கள் அவை. கிரகணம் பார்த்தாள், கத்தியைத் தொட்டாள் என்று பழிபோட்டே எத்தனை தாய்மார்களின் மடியிலிருந்து இப்படிக் குழந்தைகளைப் பிரித்திருக்கிறோம்! உங்கள் மகளைப் பெற்றவளும் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கக் கூடும். அது உங்கள் வீட்டில் இன்னொரு முறை ஒலிக்க வேண்டாம். 'புண்ணியம்' என்ற சொல்லும்தான். நல்ல மனத்தோடு சொல்கிறார்கள், தெரியும். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டு வளரும் குழந்தை காலமெல்லாம் நன்றிக்கடன் பட்டவளாகிவிடுகிறாள். "எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள்" என்று பதில் சொல்லுங்கள். போதும்.

வேறு சில. வெளிநாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளுக்கென்றே அமெரிக்காவில் மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. முதலாவது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கியது. அப்படி ஒன்றில் ஒருமுறை முழுமையாகக் காட்டுங்கள். காசநோய் உள்ளிட்ட சில சோதனைகளைச் சில மாதம் கழித்து மீண்டும் செய்யச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாதீர்கள். குடும்ப நோய் வரலாறு நமக்குத் தெரியாது என்பதால் மரபணு ஆலோசனையும் கேளுங்கள். இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு அமைப்பான காராவுக்குப் போகும் அறிக்கைகளின் நகல், இல்லத்தில் கொடுத்த தாள்கள், மருத்துவக் குறிப்புகள் எதையும் தூக்கிப் போடாதீர்கள். 18 வயதுக்குப் பிறகு தன் வேரைத் தேடி அவளே விண்ணப்பிக்கலாம், அன்று அவளுக்கு அவை வேண்டும்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு மாலை, உங்கள் கணவர் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது அவள் அழைப்பதைத் தொலைபேசியில் பதிவு செய்துவையுங்கள். பேச்சுப் பயிற்சியாளருக்கு அது பயன்படும். அந்த 'அம்மா' இன்னும் சில மாதங்களில் காணாமல் போய்விடும், அவரும் அதைத் தேடுவார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு பதிவு இல்லை.