அந்த 70-300 லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு மதுரையில் காட்சித் தொடர்பியல் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ‘டிஎஸ்எல்ஆர் கேமரா, 18-55 லென்ஸ், 70-300 லென்ஸ்’ என்று துறையில் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். என்னால் 40,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். கடையில் புதிய கேனான் 1500டி கேமராவை 18-55 லென்ஸுடன் மட்டும் அந்தத் தொகைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அதே கடையில், பயன்படுத்திய நிக்கான் டி5300 கேமராவையும் 18-55, 70-300 ஆகிய இரண்டு லென்ஸ்களையும், பையும் முக்காலியும் இலவசமாகச் சேர்த்து, 36,000 ரூபாய்க்குத் தருகிறார்களாம். எனக்குக் கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடையில் எடுத்த படங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எதை வாங்குவது?
– தென்காசி மாவட்ட வாசகர்

பதில்: நிக்கானை வாங்குங்கள். (18-55, 70-300 என்பவை லென்ஸின் மி.மீ. அளவுகள்; எண் கூடக் கூட, தூரத்தில் இருப்பதை நெருக்கிக் காட்டும்.) ஆனால் அந்த 70-300 லென்ஸை வேண்டாம் என்று சொல்லி, அதற்குரிய தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். மிச்சமாகும் பணத்தில் ‘ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8 ஜி’ என்ற லென்ஸைப் பழையதாகவே தேடி வாங்கிவிடுங்கள். முக்காலியையும் பையையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்த இலவசங்களின் விலை எங்கே சேர்க்கப்பட்டிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஏன் அந்த லென்ஸ் வேண்டாம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் ஏமாறும் இடங்களில் இதுதான் முதலிடம். நீங்கள் அனுப்பிய படத்தில் லென்ஸின் மேல் ‘ஏஎஃப் நிக்கார் 70-300’ என்று இருக்கிறது. ‘ஏஎஃப்’ என்பதற்குப் பக்கத்தில் எஸ் என்ற எழுத்தோ பி என்ற எழுத்தோ இல்லை. இந்த ஓர் எழுத்து இல்லாததால், உங்கள் மகள் அந்த லென்ஸை டி5300-இல் மாட்டி ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு படத்துக்கும் வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும். ஓடுகிற பிள்ளையையும் பறக்கிற கொக்கையும் எடுக்கத்தானே 70-300 வாங்குகிறோம், அங்கே கையால் திருப்பிக்கொண்டிருந்தால் கொக்கு அடுத்த கண்மாய்க்குப் போய்விடும்.

தானியங்கி ஃபோகஸுக்கு லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு மோட்டார் வேண்டும். நிக்கான் நிறுவனம் 1959-இல் கொண்டுவந்த லென்ஸ் பொருத்தும் வளையத்தைக் கைவிடாமலே 1980-களில் தானியங்கி ஃபோகஸுக்கு வந்ததால், மோட்டாரைக் கேமராவுக்குள் வைத்து, சிறிய திருப்புளி போன்ற ஒரு தண்டின் வழியாக லென்ஸைச் சுழற்றியது. கேனான் 1987-இல் தன் பழைய வளையத்தையே தூக்கிப் போட்டுவிட்டு, லென்ஸுக்குள் மோட்டாரை வைத்தது. அன்றைக்கு வாடிக்கையாளர்கள் திட்டினார்கள், ஆனால் இன்றைக்கு உங்களைப் போன்றவர்களுக்கு அதனால் நிம்மதி. நிக்கானோ 2006-இல் டி40 என்ற மாதிரியிலிருந்து, விலையையும் எடையையும் குறைப்பதற்காக, தொடக்கநிலைக் கேமராக்களிலிருந்து அந்த மோட்டாரை எடுத்துவிட்டது. டி3000 வரிசையிலும் டி5000 வரிசையிலும் எந்தக் கேமராவிலும் மோட்டார் கிடையாது. டி7000 வரிசையில் உண்டு. ஆக, கேமராவிலும் மோட்டார் இல்லை, லென்ஸிலும் மோட்டார் இல்லை என்ற ஜோடியைத்தான் உங்களுக்குக் கட்டிக் கொடுக்கப் பார்க்கிறார்கள்.

இதைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். வெள்ளி நிற உலோக வளையத்தின் விளிம்பில், தட்டைத் திருப்புளி நுழைகிற அளவுக்குச் சின்னக் காடி ஒன்று தெரிந்தால், அது கேமராவின் மோட்டாரை எதிர்பார்க்கும் லென்ஸ். அடுத்து கேமராவின் வாய்வளையத்தைப் பாருங்கள். கடிகாரத்தில் 7 மணி இருக்கும் இடத்துக்கு அருகில் அந்தத் தண்டின் நுனி துருத்திக்கொண்டிருக்க வேண்டும். டி5300-இல் அந்த இடம் வெறுமையாக இருக்கும். இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பெட்டியின் மேல் இதை எங்கேயும் எழுத மாட்டார்கள். இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், அதிகபட்ச விலையும் பெட்டியில் இருக்க வேண்டும் என்று சட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, ‘இந்த லென்ஸ் இன்னின்ன கேமராக்களில் தானாக ஃபோகஸ் ஆகாது’ என்று ஒரு வரி அச்சிடச் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி இதே லென்ஸை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வேறொரு கடையில் ‘ஃபோகஸ் மோட்டார் எரிந்துவிட்டது, மாற்றியாயிற்று’ என்று சொல்லி 3,500 ரூபாய் வாங்கியிருந்தார்கள். வாங்கிய பிறகும் ஃபோகஸ் ஆகவில்லை. நான் லென்ஸைத் திருப்பி அந்தக் காடியைக் காட்டினேன். இல்லாத மோட்டாரை எப்படி மாற்றினார்கள் என்று அந்தப் பெண் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ரசீதும் இல்லாததால் அவரால் நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

35 மி.மீ. லென்ஸை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், முதலாம் ஆண்டு மாணவர்கள் எடுக்கப்போவது பெரும்பாலும் மனிதர்களையும் அறைகளையும் கடைத்தெருவையும்தான். மாலை ஆறரை மணிக்கு ஒரு டீக்கடையில், குழல் விளக்கு வெளிச்சத்தில் டீ ஆற்றுகிறவரை எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18-55 லென்ஸை 35-இல் வைத்தால் அதன் அபெர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, அதிகபட்சமாக எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது. இந்த 35 லென்ஸ் எஃப் 1.8 வரை திறப்பதால் சுமார் ஆறு மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. முதல் லென்ஸில் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் திரை, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டியிருந்தால், இரண்டாவதில் அறுபதில் ஒரு பங்கு போதும். முன்னதில் டீ ஆற்றும் கை புகை போலக் கலங்கும், பின்னதில் கோப்பையில் விழும் தாரை ஓரளவு தெளிவாக நிற்கும். 50 மி.மீ. லென்ஸ் மலிவு என்று சொல்வார்கள். ஆனால் இந்தக் கேமராக்களில் படம் பதியும் சென்சார் சிறியது என்பதால் 50 என்பது 75 போல நெருக்கிக் காட்டும், நம் வீட்டு அறைகளில் முதுகு சுவரில் முட்டும். அதிலும் மலிவாகக் கிடைக்கும் பழைய ‘ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 டி’ லென்ஸிலும் மோட்டார் இல்லை. மறுபடியும் அதே கதை.

கேனான் 1500டி-யில் இந்த மோட்டார்த் தொல்லை இல்லையே, புதியது, உத்தரவாதமும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். அதில் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல், தலைமேல் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவைப் பற்றியது. முந்தைய 1300டி-யில் ஹாட் ஷூவின் நடுவில் ஒரு வட்டமான உலோகப் புள்ளி இருந்தது. மலிவான ஃப்ளாஷ்களும் ஸ்டுடியோ விளக்குகளை எரியவைக்கும் சாதாரண ட்ரிகர்களும் அந்தப் புள்ளியின் வழியாகத்தான் கேமராவோடு பேசுகின்றன. 2018-இல் வந்த 1500டி-யில் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டார்கள். கேனானுக்கென்றே செய்யப்பட்ட ஃப்ளாஷ் எரியும், கல்லூரி ஸ்டுடியோவில் எல்லாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் ட்ரிகர் எரியாமல் போகும். சில காசு உலோகத்தை மிச்சம் பிடித்த அந்தப் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

நீங்கள் வாங்கப்போவது பழைய கேமரா என்பதால், சில சோதனைகளைக் கடையிலேயே செய்துவிட வேண்டும். உங்கள் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய், ஒரு படம் எடுத்து, அந்தப் படக் கோப்பைத் தொடாமல் அப்படியே கொண்டுவாருங்கள். நிக்கான் கேமராக்கள் இதுவரை எத்தனை முறை ஷட்டர் இயங்கியது என்ற எண்ணிக்கையைப் படத்துக்குள்ளேயே எழுதி வைக்கின்றன. கணினி தெரிந்த எந்த மாணவரும் ஐந்து நிமிடத்தில் அதைப் படித்துச் சொல்லிவிடுவார். இந்த வகைக் கேமராக்களின் ஷட்டரை ஏறக்குறைய ஒரு லட்சம் இயக்கங்களைக் கணக்கில் வைத்துச் செய்கிறார்கள். எண்ணிக்கை முப்பதாயிரத்துக்குள் இருந்தால் தாராளமாக வாங்கலாம். எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தால், கல்யாண வேலைக்கு அடித்து ஓட்டிய கேமரா என்று பொருள், விட்டுவிடுங்கள். கார்டைப் போட அனுமதிக்காத கடையில் மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை.

லென்ஸில் ஃபங்கஸ் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கம் கைபேசி டார்ச்சை அடித்து, மறு பக்கம் சாய்த்துப் பாருங்கள். அங்கங்கே புள்ளிகளாகத் தெரிவது தூசி, அதனால் படத்துக்குக் கெடுதல் இல்லை. சிலந்தி நூலைப் போலக் கிளை பிரிந்து ஓடுவது பூஞ்சை, அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரிக்கும். தூசியைக் காட்டி ‘லென்ஸ் சர்வீஸ்’ என்று பணம் பிடுங்குவதும், பூஞ்சையைத் தூசி என்று சொல்லித் தள்ளிவிடுவதும் இந்தத் தொழிலில் பழைய பழக்கம். வாங்கிய பிறகு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் போதும். துணிப்பையில் போட்டு அலமாரிக்குள் மூடிவைப்பதுதான் பூஞ்சைக்கு உரம் போடுவது.

ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ‘பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேரும், உங்களுக்குத்தான் நட்டம்’ என்பார்கள். பழைய பொருளை வாங்கி விற்கும் வணிகர், வாங்கும்போது வரிக் கழிவு எடுத்திராவிட்டால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று விதியே இருக்கிறது. அதை மறைத்து, முழு விலைக்கும் வரியைக் கணக்கிட்டுப் பயமுறுத்துகிறார்கள். ரசீதில் கேமராவின் வரிசை எண் இருக்க வேண்டும். அது கேமராவில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். திருட்டுக் கேமராவை வாங்கியவர் காவல் நிலையத்தில் பதில் சொல்வதற்கும் இந்த ஒரு காகிதம்தான் துணை.

டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் கண்ணாடி இல்லாத ‘மிரர்லெஸ்’ கேமராக்கள் வந்துவிட்ட காலத்தில் டிஎஸ்எல்ஆர் எதற்கு என்று உங்கள் உறவினர் யாராவது கேட்பார்கள். கேனானும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புதிய டிஎஸ்எல்ஆர் மாதிரி எதையும் கொண்டுவரவில்லை என்பது உண்மையே. அதனால்தான் பழையவை இந்த விலைக்குக் கிடைக்கின்றன, மூன்று ஆண்டுப் படிப்புக்கு இது தாராளமாக ஓடும். கல்லூரிகள் மட்டும் பழைய பட்டியலையே ஆண்டுதோறும் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. அதில் 70-300 என்று மொட்டையாக எழுதுகிறார்களே தவிர எந்த 70-300 என்று ஒருவரும் எழுதுவதில்லை, அந்த மொட்டை வரியை வைத்துத்தான் கடைகள் தேங்கிக் கிடக்கும் சரக்கைத் தள்ளுகின்றன.

அந்தப் பட்டியலுக்காகப் பயப்பட வேண்டாம். துறைத் தலைவரிடம் உங்கள் மகளையே நேரில் கேட்கச் சொல்லுங்கள்: 70-300 முதல் பருவத்திலேயே தேவையா, துறையில் இரவல் கிடைக்குமா என்று. பிறகு எப்போதாவது வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், ‘ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300’ என்று கேட்டு வாங்குங்கள். அதற்குள் மோட்டார் இருக்கிறது. டி5300-இன் உள்மென்பொருளைப் புதுப்பித்திருந்தால்தான் அது வேலை செய்யும் என்பதால், கேமராவைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். அந்தப் பெயரிலேயே இரண்டு லென்ஸ்கள் விற்கின்றன, ஒன்றில் மட்டும்தான் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி உண்டு. லென்ஸின் மேல் ‘விஆர்’ என்ற இரண்டு எழுத்துகள் இருப்பதைப் பார்த்து எடுங்கள்.