கிட்னி நோயாளிக்குக் குடல் கட்டி எடுத்த பிறகு ரத்தப்போக்கு: வழக்குப் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு 58 வயது. கிட்னி பழுதாகி வாரம் இரண்டு முறை ஊட்டியில் டயாலிசிஸ். பெருங்குடலில் கட்டி இருந்ததால் கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வயிற்றைக் கிழிக்காமல் என்டோஸ்கோப்பியிலேயே எடுத்தார்கள். ஐந்தாம் நாள் இரவு வீட்டில் மலத்தோடு ரத்தமாகப் போனது. மறுபடி மலையிறங்கி, ரத்தம் ஏற்றி, 2.4 லட்சம் செலவு. "கிட்னி பேஷண்ட்டுக்கு இப்படித்தான் ஆகும்" என்கிறார்கள். முன்பே சொல்லவில்லை. ஃபைலும் தர மறுக்கிறார்கள். வழக்குப் போடலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: போடலாம் அம்மா. ஆனால் ரத்தம் போனதை மட்டும் காரணமாகக் காட்டினால் தோற்றுப்போவீர்கள். கிட்னி பழுதானவர்களுக்கு, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒழுங்காக வேலை செய்வதில்லை. கட்டி எடுத்த புண்ணிலிருந்து இரண்டு வாரம் வரைகூட ரத்தம் வரலாம். சிக்கல் வந்தாலே அலட்சியம் என்று ஆகிவிடாது.

"இப்படித்தான் ஆகும்" என்கிறார்களே, உங்கள் வழக்கு அங்கேதான் இருக்கிறது. தெரிந்த ஆபத்தைக் கையெழுத்து வாங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம், சிகிச்சை என்ன, ஆபத்து என்ன, மாற்று வழி உண்டா என்று விளக்கிப் பெறுவதுதான் சம்மதம் என்றது. அரிதான ஆபத்துகளையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு, அரிது என்றும் சொல்ல முடியாதே!

இன்னொன்று, இதை நன்றாக யோசித்துப் பாருங்கள். அந்த ஐந்து நாளில் ஊட்டியில் டயாலிசிஸ் நடந்ததா? இயந்திரத்தில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் கொடுப்பது வழக்கம். குடலில் புண் ஆறாத நேரத்தில் அது ரத்தப்போக்கைக் கூட்டும். 'ஹெப்பாரின் வேண்டாம்' என்று கோவை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருந்தார்களா? எழுதாவிட்டால் உங்கள் கை ஓங்கும். எழுதியும் டயாலிசிஸ் மையம் கவனிக்கவில்லை என்றால், கேள்வி கேட்க வேண்டிய இடமே வேறு. அந்தச் சீட்டையும் டயாலிசிஸ் குறிப்பேட்டு நகலையும் பார்க்காமல் யார்மீதும் நோட்டீஸ் அனுப்ப நான் தயாரில்லை.

ஃபைலை அவர்கள் மறுக்க முடியாது. 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். வாயால் கேட்காதீர்கள், உங்கள் கணவர் கையெழுத்துடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கேஸ் ஷீட், சம்மதப் படிவம், என்டோஸ்கோப்பி அறிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

வழக்குக்காகக் கோவைக்கு அலைய வேண்டாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியில் உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். மருத்துவமனைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. கெடு 2 ஆண்டு. போலீஸுக்குப் போகச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் தந்த ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, அப்பட்டமான அலட்சியம் இருந்தால்தான் அந்த வழி.

கேள்வியில் இல்லாத ஒரு விஷயம்: எடுத்த கட்டி புற்றுநோயா இல்லையா என்று சொல்லும் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததா? அதையும் கேட்டு வாங்கி, அந்த மருத்துவமனைப் படி ஏறப் பிடிக்காவிட்டால் வேறொரு குடல் மருத்துவரிடம் இந்த மாதமே காட்டுங்கள்.