மகள் தயார், மகன் அடக்குகிறான்: இரட்டைப் பிள்ளைகளை ஒன்றாகப் பழக்கலாமா?

கேள்வி: டொக்டர், நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். எனக்கு ஆணும் பெண்ணுமாக இரட்டைப் பிள்ளைகள். 35 வாரத்தில் பிறந்தவர்கள், இப்போது இரண்டு வயதும் ஐந்து மாதமும். இருவரும் தொட்டில் கம்பியில் ஏறிக் குதிக்கத் தொடங்கிவிட்டார்கள். பகலில் 3 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழும்புவார்கள். இரவு பத்தரைக்குத்தான் நித்திரை, காலை ஆறரைக்கு எழும்பிவிடுவார்கள். இவருக்குக் கடற்தொழில். விடியப்புறம் 3 மணிக்கு வெளிக்கிடும்போது மகன் எழும்பி அழ, அந்தச் சத்தத்தில் மகளும் எழும்புவாள். போத்தல் பால் கொடுத்தால்தான் திரும்பப் படுப்பார்கள். நடுச்சாமத்திலும் ஒரு போத்தல். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து போத்தல், ஒவ்வொன்றும் 180 மில்லிலீற்றர். மகள் சலம் வருகுது என்று சொல்கிறாள். மகனைப் பிளாஸ்டிக் சட்டியில் இருத்தினால் கத்துகிறான். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று முக்கி, பம்பர்ஸுக்குள் உருண்டை உருண்டையாகக் கக்கா போகிறான். "இரண்டையும் ஒன்றாகவே பழக்கு, அவனுக்கு ஒருக்கால் பேதி கொடு" என்கிறார் மாமி. ஜனவரியில் முன்பள்ளி. பம்பர்ஸோடு எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: மகனின் வயிற்றிலிருந்து தொடங்குங்கள், அம்மா. அது சரியாகும்வரை அவனைச் சட்டியில் இருத்தும் முயற்சியை முழுதாக நிறுத்திவிடுங்கள். மகளுக்கும் அவனுக்கும் ஒரே நாளில் தொடங்கவேண்டிய தேவையே இல்லை. ஒரே வயிற்றில் இருந்தார்கள் என்பதற்காகச் சிறுநீர்ப்பையும் குடலும் ஒரே நாளில் முதிர்வதில்லை. பெண் பிள்ளைகள் சில மாதம் முந்துவதும் வழமைதான்.

"முக்குகிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்தமுறை கிட்டப்போய்ப் பாருங்கள். நுனிக்காலில் நிற்கிறானா? தொடைகளைப் பின்னி, குண்டியை இறுக்கி, முகம் சிவக்க உடம்பை விறைக்க வைக்கிறானா? அப்படியென்றால் அவன் வெளியே தள்ளவில்லை, உள்ளே அடக்குகிறான். முக்குகிற பிள்ளை முழங்காலை மடித்துக் குந்தும். அடக்குகிற பிள்ளை நிமிர்ந்து விறைக்கும். என்றோ ஒருநாள் கட்டியாகப் போனபோது நொந்திருக்கிறது, அந்த நோவு மறுபடி வரக்கூடாதென்று அடக்குகிறான். அடக்க அடக்கக் குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கட்டி இன்னும் பெரிதாகும், போகும்போது இன்னும் நோகும். வாரக்கணக்கில் இது நடந்தால் மலக்குடல் விரிந்து, வருகிறது என்ற உணர்வே மங்கிவிடும். பிறகு பழைய கட்டியைச் சுற்றித் தண்ணீர்போல ஒழுகி ஜட்டியில் படும். அதைப் பிடிவாதம் என்று அடிப்பவர்களும் உண்டு, வயிற்றோட்டம் என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்துபவர்களும் உண்டு. இரண்டும் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

பேதி வேண்டாம். ஆமணக்கெண்ணெய் வயிற்றை முறுக்கி ஒரே நாளில் எல்லாவற்றையும் இறக்கும். அந்த வலி அவனுடைய பயம் சரிதான் என்று அவனுக்கே நிரூபித்துவிடும். சவுக்காரத் துண்டு, எண்ணெய் தடவிய வெற்றிலைக் காம்பு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள். அந்த இடத்தில் அவனுக்கு இனி நோகவே கூடாது. மாமி அக்கறையில்தான் சொல்கிறார். பிள்ளை ஏன் அடக்குகிறான் என்பதை அவருக்கும் விளங்கப்படுத்துங்கள்.

அவனை ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றைத் தடவிப் பார்த்து, கட்டி தேங்கியிருந்தால் முதலில் அதை இறக்க மருந்து தருவார். பிறகு மலத்தை இளக்கும் லக்டுலோஸ் பாணியோ அதைப் போன்ற ஒன்றோ தொடரும். அளவைப் பிள்ளையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கவேண்டும். லக்டுலோஸ் வேலைசெய்ய இரண்டு நாள் வரை செல்லலாம். முதல் வாரத்தில் வயிறு கொஞ்சம் ஊதும், காற்றுப் பிரியும். அதற்குப் பயந்து நிறுத்தாதீர்கள். நாளுக்கு ஒருமுறை, மசித்த வாழைப்பழப் பதத்தில், நோகாமல் போகவேண்டும். அந்த நிலை வந்த பிறகும் பல வாரம், சிலருக்கு மாதக்கணக்கில் மருந்து தொடரும். விரிந்த குடல் பழைய அளவுக்கு வர அவ்வளவு காலம் வேண்டும். ஒரு வாரம் நன்றாகப் போனதும் போத்தலை மூடிவைப்பதால்தான் அநேகமான பிள்ளைகளுக்கு இது திரும்ப வருகிறது.

அடுத்தது பால். 900 மில்லிலீற்றர் மிக அதிகம். இந்த வயதுக்கு 350 முதல் 500 போதும். அதற்கு மேலே போனால் வயிறு நிறைந்து சோறு இறங்காது, மலம் இறுகும், இரும்புச்சத்துக் குறையும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை இரவில் புரண்டு புரண்டு படுக்கும். நித்திரையில் குடிக்கும் பால் பல்லில் தேங்கிப் பூச்சிப்பல்லாக்கும், விடிவதற்குள் பம்பர்ஸையும் நிரப்பும். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விக்குள்ளும் அந்த இரவுப் போத்தல் இருக்கிறது.

ஒரேயடியாக நிறுத்தத் தேவையில்லை. இரண்டு இரவுப் போத்தலையும் இரண்டு நாள் 150 ஆக்குங்கள், அடுத்த இரண்டு நாள் 120, பிறகு 90, பிறகு 60. ஒன்பதாம் இரவு போத்தல் இல்லை, தாகமென்றால் கோப்பையில் ஒரு மிடறு தண்ணீர். குறைக்கும்போது பால்மாவையும் தண்ணீரையும் சேர்த்தே குறையுங்கள், பால் நீர்த்துவிடக்கூடாது. பகல் பாலை 150 படி மூன்று தடவை கோப்பையில் கொடுங்கள். கடைசிப் பாலுக்குப் பிறகு பல் தீட்டவேண்டும். சோற்றோடு கீரை, பருப்பு, மரக்கறி, ஒவ்வொரு நாளும் பப்பாசியோ கொய்யாவோ. கச்சான் காற்று வீசும் இந்த நாட்களில் பிள்ளைகள் வியர்த்தே தண்ணீரை இழப்பார்கள். கேட்கும்வரை காத்திராமல் சின்னக் கோப்பையில் ஐந்தாறு தடவை நீட்டுங்கள்.

இனி நித்திரை. இந்த வயதுக்குப் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணித்தியாலம் வேண்டும். உங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது பத்து, அதுவும் இரண்டு இடத்தில் முறிந்து. பகல் நித்திரை பிந்துவதால் இரவும் பிந்துகிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினால் பத்து நாளில் பன்னிரண்டரைக்கு வந்துவிடும். இரண்டரைக்கு எழுப்பிவிடுங்கள். இரவு எட்டுக்கு நித்திரை, காலை ஆறரை. காலையிலும் பகல் நித்திரையிலும் ஒருவர் எழும்பினால் மற்றவரைக் கால் மணித்தியாலத்துக்குள் எழுப்புங்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனம் வராதுதான். ஆனால் இருவரின் நேரமும் பிரிந்துபோனால் உங்களுக்கு ஓய்வென்று ஒரு நிமிடமும் மிஞ்சாது.

மூன்று மணி விழிப்புக்குக் காரணம் மகனின் பசி அல்ல, வெளிச்சமும் சத்தமும். அந்த நேரத்தில் எல்லாப் பிள்ளைகளின் நித்திரையும் மெல்லியது. கணவரின் உடுப்பு, சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் இரவே முன்னறையில் வைத்துவிடுங்கள். அலாரத்தை அதிர்வில் போட்டுத் தலையணைக்குக் கீழே வைக்கட்டும். அறை விளக்கைப் போடாமல் வெளிக்கிடட்டும். அப்படியும் எழும்பினால் நீங்கள் பக்கத்தில் போய், "இன்னும் இரவு, படு ராசா" என்று ஒரே வசனத்தைச் சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டு விலகுங்கள். தூக்கவேண்டாம், கதைக்கவேண்டாம். முதல் சில இரவு அழுகை கூடும். நாலாம் நாள் சலித்துப் போத்தலை எடுத்துக் கொடுத்தால், நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்று படித்துவிடுவான். ஒருவர் அழுதால் மற்றவரும் எழும்புவாரே என்று ஓடிப்போய்த் தூக்காதீர்கள். இரட்டைகள் அநேகமாக ஒரு வாரத்துக்குள் மற்றவரின் அழுகைக்குப் பழகிவிடுவார்கள். இரண்டு வாரம் உறுதியாக நில்லுங்கள்.

ஏறிக் குதிக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தொட்டில் இனி ஆபத்து. இரண்டு மெத்தையை நிலத்தில் போடுங்கள், இடையில் உங்கள் கை நீளம் இடைவெளி இருக்கட்டும். ஆளுக்கொரு நுளம்பு வலை கட்டி, விளிம்பை மெத்தைக்குக் கீழே செருகுங்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். மூடிய அறையில் நுளம்புச்சுருள் கொளுத்தாதீர்கள். இன்றிலிருந்து அவர்கள் இரவில் தாமாக எழும்பி நடப்பார்கள் என்பதை மறக்கவேண்டாம். வெளிக்கதவுக்கு உயரத்தில் கொளுக்கி போடுங்கள், குளியலறை வாளியைக் கவிழ்த்து வையுங்கள், அலுமாரியைச் சுவரோடு ஆணியடித்து இறுக்குங்கள். வளவில் கிணறு இருந்தால் மூடி போடாமல் ஒரு நாளும் கடத்தாதீர்கள்.

நித்திரை இரண்டு வாரம் ஒழுங்கான பிறகு மகளுக்குத் தொடங்கலாம். சலம் வருகுது என்று சொல்கிறாள். இரண்டு மணித்தியாலம் நனையாமல் இருக்கிறாளா, காற்சட்டையைத் தானே இறக்குகிறாளா என்று மட்டும் பாருங்கள். வீட்டில் இருக்கக்கூடிய மூன்று நாளைத் தெரிவுசெய்து பகல் பம்பர்ஸைக் கழற்றிவிடுங்கள். பத்துப் பருத்தி ஜட்டியாவது கையிருப்பில் வேண்டும். எழும்பியதும், சாப்பிட்டுக் கால் மணித்தியாலத்தில், குளிக்க முன், வெளியே போக முன் இருத்துங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். பாதம் நிலத்தில் பதிந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்கவேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை "வருதா, வருதா" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் "இல்லை" என்றுதான் சொல்லும். நிலத்தில் போனால், "சலம் வெளியில போயிட்டுது, அடுத்தமுறை சட்டியில போவம்" என்று சொல்லித் துடையுங்கள், அவ்வளவுதான். கழுவும்போது எப்போதும் முன்னிருந்து பின்னுக்கு. மாறிக் கழுவினால் மலத்திலுள்ள கிருமி சலப்பாதைக்குள் போகும்.

சட்டி இரண்டு வாங்குங்கள், ஒரே நிறத்தில். மகனுடையது பக்கத்தில் சும்மா இருக்கட்டும். அவன் உடுப்போடு இருந்து பார்த்தாலும் சரி, பொம்மையை இருத்தினாலும் சரி. "தங்கச்சியைப் பார், உனக்கு வெட்கமில்லையா" என்ற சொல் மட்டும் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. மகளைப் புகழும்போதும் செய்த காரியத்தைச் சொல்லிப் புகழுங்கள், "நீதான் கெட்டிக்காரி" என்று இருவருக்கும் நடுவில் கோடு போடாதீர்கள். மிட்டாய், இனிப்புப் பரிசு வேண்டாம். கிடைக்காத பிள்ளைக்கு அது தண்டனையாகிவிடும்.

மகனுக்கு எப்போது? தொடர்ந்து நான்கு வாரம் நோகாமல், இளக்கமாகப் போனபிறகு. அதுவரை பம்பர்ஸுக்குள் போகட்டும், குறை சொல்லாதீர்கள். பிறகு படிப்படியாக: முதலில் பம்பர்ஸோடு குளியலறைக்குள் நின்று போகட்டும், பிறகு பம்பர்ஸோடு சட்டியில் இருந்து, கடைசியில் பம்பர்ஸ் இல்லாமல். ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். சலமும் முதலில் சட்டியில் இருந்தபடியே போகப் பழகட்டும், நின்று போவதைத் தகப்பனிடம் பிறகு பார்த்துக்கொள்வான். காலையில் கடலால் வந்து கணவர் வீட்டில் நிற்கிறார் என்றால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகனை இருத்தும் பொறுப்பை அவருக்கே கொடுங்கள். உங்களோடு மல்லுக்கட்டிய பிள்ளை அவரோடு மறுப்பில்லாமல் இருக்கக்கூடும். குந்துகிற மலசலகூடத்தில் சின்னக் கால் வழுக்கும், விழுந்துவிடுவோமென்று பயந்தும் அடக்குவார்கள். அதை மூன்றரை வயதுக்குப் பிறகு பழக்கலாம்.

மகளின் பகல் பழக்கத்தை ஒக்டோபருக்குள் முடித்துவிடப் பாருங்கள். மாரி தொடங்கினால் ஒரு நாளில் பத்து ஜட்டி காயாது. இரவு பம்பர்ஸை இருவருக்கும் கழற்றவேண்டாம். இரவில் சலத்தைக் குறைக்கும் ஹோர்மோனும் சிறுநீர்ப்பையும் முதிர்ந்தால்தான் அது நிற்கும், பழக்கி வருவதல்ல. ஐந்து வயது வரை இரவில் நனைவதை நாங்கள் நோயாகப் பார்ப்பதில்லை. முன்பள்ளி ஆசிரியையிடம் இப்போதே போய், மகனுக்கு மலச்சிக்கல், மருத்துவம் நடக்கிறது என்று சொல்லிவையுங்கள். அங்கே அவசரப்படுத்தினால் அவன் மறுபடி அடக்கத் தொடங்குவான்.

இருவரும் இரவில் குண்டியைச் சொறிந்தால், படுத்து இரண்டு மூன்று மணித்தியாலத்தில் டோர்ச் அடித்து ஆசனவாயைப் பாருங்கள். வெள்ளை நூல்போல அசைந்தால் பூச்சி. அப்போது வீட்டிலுள்ள எல்லோருக்கும் மருந்து கொடுத்து, இரண்டு வாரத்தில் திரும்பவும் கொடுக்கவேண்டும்.

வயிறு வீங்கி வாந்தி வந்தாலோ, நிறை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கூடக் கண்டாலோ, காய்ச்சலோடு சலம் போக அழுதாலோ, நடை தளர்ந்தாலோ, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ஓயாமல் சலம் போனாலோ காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நித்திரையில் பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று நின்று வந்தாலும் காட்டவேண்டும். மகனுக்குப் பிறந்து இரண்டு நாளுக்குள் முதல் கறுப்பு மலம் போனதா என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். போகவில்லை என்றால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

இன்றிலிருந்து ஒரு தாளில் மகன் போன நாள், நேரம், பதம் மூன்றையும் குறித்து வாருங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தாளையும் இருவரின் வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள்.