அந்த மக்கை வாங்காதீங்க தம்பி

அக்கா, நான் வர்ஜீனியாவுல வேலை பாக்கறேன். என் மேனேஜர் பேரு வாஷிங்டன், கறுப்பினத்தவர். ஒருநாள் லஞ்ச்ல "நீங்க ஜார்ஜ் வாஷிங்டன் வம்சமா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டார். முதலாளிங்க பேரை அடிமைங்களுக்கு ஒட்டவச்சதுதான் அதெல்லாம்னு ஃப்ரெண்ட் சொல்றான். நிஜமா? அவர் பர்த்டேக்கு வாஷிங்டன் குடும்பச் சின்னம் போட்ட மக் ஒண்ணு ஆன்லைன்ல பார்த்து வச்சிருக்கேன். அப்புறம், பொண்ணுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும். சர்நேம் இடத்துல என் பேரைப் போடலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

முதல்ல அந்த மக்கை கார்ட்ல இருந்து தூக்குங்க. ரெண்டு சிவப்புப் பட்டை, மேல மூணு நட்சத்திரம், அதானே? வாஷிங்டன் டி.சி. கொடியில இருக்கறதும் அதேதான். அது இங்கிலாந்துல ஒரு குடும்பத்துக்குச் சேர்ந்த சின்னம், அந்தப் பேர் வச்ச எல்லாருக்கும் கிடையாது, கடைக்காரனுக்கு என்ன, நீங்க எந்தப் பேரைச் சொன்னாலும் ஒரு சிங்கத்தைப் போட்டு வித்துருவான். ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளையே கிடையாது, அதுகூடத் தெரியாம ஒரு மனுஷனை சாப்பிடற நேரத்துல வம்சம் விசாரிச்சிருக்கீங்க. நல்லா இருக்கு.

ஆனா எனக்கு நிஜமா கோவம் வந்தது உங்க ஃப்ரெண்ட் சொன்ன அந்த "ஒட்டவச்சது"ங்கற வார்த்தைக்குத்தான். வெள்ளைக்கார வாஷிங்டனுக்கு மட்டும் அது ரத்தத்துல வந்ததாக்கும்? 12ஆம் நூற்றாண்டுல இங்கிலாந்துல டர்ஹாம் பக்கம் வில்லியம்னு ஒருத்தர், கையில ஹார்ட்பர்ன்னு ஒரு ஊர் இருந்ததால வில்லியம் டி ஹார்ட்பர்ன். அதை டர்ஹாம் பிஷப்புக்கு விட்டுட்டு பதிலுக்கு வெஸ்ஸிங்டன்ங்கற ஊரை வாங்கிக்கிட்டார், பிஷப் 1183ல எடுத்த நிலக்கணக்குல இது இருக்கு. ஊர் மாறிச்சு, ஆளு வில்லியம் டி வெஸ்ஸிங்டன் ஆயிட்டார். அந்த வெஸ்ஸிங்டன்தான் பின்னாடி வாஷிங்டன் ஆச்சு. முதல் வாஷிங்டனே நிலத்தை மாத்தி பேரை எடுத்துக்கிட்டவர்தான்.

அப்புறம் அந்தக் குடும்பம் தெற்க நகர்ந்தது, 1643ல எஸ்ஸெக்ஸ்ல பாதிரியா இருந்த லாரன்ஸ் வாஷிங்டனை சாராயக்கடையே கதின்னு கிடக்கறார்னு குத்தம் சொல்லி வேலையை விட்டுத் தூக்கினது, அவர் மகன் ஜான் 1657 வாக்குல புகையிலைக் கப்பல்ல வர்ஜீனியா வந்து அங்கயே தங்கிட்டது, இதெல்லாம் நீங்களே தேடிப் படிச்சுக்கலாம். நான் சொல்ல வந்தது வேற.

ஹாரி வாஷிங்டன்னு ஒருத்தர். ஆப்பிரிக்காவுல பிறந்து, ஜார்ஜ் வாஷிங்டனோட மவுண்ட் வெர்னான் பண்ணையில அடிமையா இருந்தவர். அமெரிக்கப் புரட்சி சமயத்துல தப்பிச்சு பிரிட்டிஷ்காரங்க பக்கம் போய், 1783ல கனடாவுல இருக்கற நோவா ஸ்கோஷியா, 1792ல ஆப்பிரிக்காவுல இருக்கற சியரா லியோன். எட்டு வருஷம் கழிச்சு அந்தக் குடியேற்றத்தை நடத்தின கம்பெனி நிலவரி கேட்டப்போ அதை எதிர்த்தவங்கள்ல அவரும் ஒருத்தர். வரி கட்டமாட்டேன்னு ரெண்டு வாஷிங்டனும்தான் கிளம்பினாங்க, ஒருத்தர் மூஞ்சி டாலர் நோட்டுல, இன்னொருத்தரை நாடு கடத்தினாங்க.

இதையும் கேளுங்க. புக்கர்னு ஒரு பையன், அடிமையா பிறந்தவன், விடுதலைக்கு அப்புறம் மேற்கு வர்ஜீனியாவுல உப்பு காய்ச்சற இடத்துல வேலை. ஒம்போது மணி வரைக்கும் வேலை, ஒம்போதுக்கு ஸ்கூல், அதனால அங்க இருந்த கடிகார முள்ளை எட்டரையில இருந்து ஒம்போதுக்குத் தள்ளி வச்சுட்டு ஓடுவானாம். ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்போ பாத்தா எல்லாருக்கும் குறைஞ்சது ரெண்டு பேர் இருக்கு, இவனுக்கு ஒண்ணுதான். தன் முறை வர்றதுக்குள்ள யோசிச்சு வச்சு, வாத்தியார் கேட்டதும் நிதானமா "புக்கர் வாஷிங்டன்"னு சொல்லிட்டான். பின்னாடி பெரிய கல்வியாளர் ஆகி 1901ல வந்த சுயசரிதையில அவரே எழுதினது இது. யாரு ஒட்டவச்சா, சொல்லுங்க? முதலாளி பேரு வந்து ஒட்டினவங்களும் இருந்தாங்க, இல்லேங்கல. ஆனா முதலாளிக்குத் தெரியாம தங்களுக்குள்ள ஒரு பேர் வச்சிருந்தவங்களும் இருந்தாங்க, எந்த முதலாளியோட பேரும் வேணாம்னு தானா ஒண்ணைத் தேடிக்கிட்டவங்களும் இருந்தாங்க. 2000ஆம் வருஷ சென்ஸஸ்ல அமெரிக்காவுல வாஷிங்டன்கள் சுமார் 1,63,000 பேர், அதுல 90% கறுப்பினத்தவங்க. இப்ப அது அவங்க பேருதான் தம்பி.

இந்தப் புக்கர் கதையைப் படிக்கறப்பல்லாம் எங்கம்மா ஞாபகம்தான் வரும். என்னை ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கப் போன அன்னிக்கு ஹெச்.எம். தலை நிமிராம "அப்பா பேரு?"ன்னார். அப்பா எங்களை விட்டுட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அம்மா என் கையைப் பிடிச்சிருந்த பிடி இறுகிச்சு, குரல்ல ஒண்ணும் தெரியல. "சுப்பையா"ன்னாங்க. அது எங்க தாத்தா பேரு, அம்மாவோட அப்பா. ஹெச்.எம். சிவப்பு மையில எழுதி ப்ளாட்டிங் பேப்பரை ஒத்தி எடுத்தார். அன்னையில இருந்து நான் சு.தான். கல்யாணத்துக்கு அப்புறம் மாத்தச் சொன்னாங்க, மாத்தல. அன்னிக்கு ஸ்கூலை விட்டு வெளிய வந்ததும் அம்மா எனக்கு நன்னாரி சர்பத் வாங்கிக் குடுத்தாங்க, தனக்கு வாங்கிக்கல.

பாஸ்போர்ட்டா? உங்க பேரைப் போடுங்க, இல்ல வொய்ஃப் பேரைப் போடுங்க, அதுக்குன்னு விதி எழுதி வச்சிருப்பாங்க, அதைப் பாத்துக்கங்க. மேனேஜருக்கு அரைக் கிலோ நல்ல காபிப்பொடி வாங்கிக் குடுங்க. மக் அவர்கிட்டயே இருக்கும்.