முயல் வாங்கித் தந்த வீடு

கேள்வி: ஏப்ரலில் லண்டனில் உள்ள மகள் வீட்டுக்குப் போகிறோம். பேரன், பேத்தி இருவருக்கும் பீட்டர் முயல் கதைகள் என்றால் உயிர். பீட்டர் பிறந்த ஹில் டாப் வீட்டை ஒரே நாளில் பார்த்துவிட்டுத் திரும்பலாமா? "சின்ன வீடு, ஒன்றுமே இருக்காது" என்கிறார் மாப்பிள்ளை. அதைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு எழுத்தாளர் ஆகும் ஆசை வருமா?
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி

பதில்: பீட்டர் அந்த வீட்டில் பிறக்கவில்லை ஐயா. 1893 செப்டம்பரில், ஸ்காட்லாந்தின் டன்கெல்டில் பெற்றோருடன் தங்கியிருந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், அதாவது அந்தக் கதைகளை எழுதியவர், தனக்குப் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையின் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐந்து வயதுப் பையன், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். அவனுக்காகப் படம் போட்டு எழுதிய அந்தக் கடிதத்தில்தான் பீட்டர் முதலில் ஓடினான். பதிப்பகங்கள் கைவிரித்ததால் 1901-ல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் போட்டார். 1902-ல் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம் வெளியிட்டது, விற்றுத் தள்ளியது. இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரிகள் நிறைந்த லேக் டிஸ்ட்ரிக்டில் உள்ள ஹில் டாப் பண்ணையை அவர் வாங்கியது 1905-ல். புத்தகங்கள் தந்த பணத்தோடு உறவினர் ஒருவர் விட்டுப்போன சிறு தொகையும் சேர்ந்தது. முயல் சம்பாதித்து வாங்கிய வீடு என்று வேண்டுமானால் பேரனிடம் சொல்லுங்கள்.

அதே ஆண்டு ஜூலையில், பதிப்பாளர் குடும்பத்து நார்மன் வார்னை மணக்க அவர் சம்மதித்திருந்தார். வியாபாரக் குடும்பத்துப் பையனா என்று பெற்றோர் முகம் சுளித்தார்கள் (அவர்கள் சொத்தே பருத்தி வியாபாரத்தில் வந்தது!). ஒரே மாதத்தில் நார்மன் இறந்துபோனார். அந்த இலையுதிர்காலத்தில் வாங்கிய வீடு இது.

ஒரே நாளில் முடியுமா என்றால், முடியும். லண்டன் யூஸ்டன் நிலையத்தில் ரயில் ஏறி, ஆக்ஸன்ஹோமில் மாறி, விண்டர்மியர் போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் ஏரிக்கரையில் உள்ள பவ்னஸ், ஏரியைக் கடக்கப் படகு, அதற்கப்பால் ஹில் டாப் இருக்கும் நியர் சாரி கிராமம் வரை ஏறக்குறைய 3 கிலோமீட்டர். வாசலில் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்ப அது போதும். பிள்ளைகளுக்குப் போதாது, இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள்.

வீடு சின்னது என்று மாப்பிள்ளை சொல்வது உண்மைதான். அதனால்தான் நேரம் குறித்து டிக்கெட் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களை உள்ளே விடுகிறார்கள். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். ஆனால் 'ஒன்றுமே இருக்காது' என்பவர் பாட்டரின் சாமுவேல் விஸ்கர்ஸ் கதையைப் படிக்கவில்லை என்று அர்த்தம். பூனைக்குட்டி டாமை எலிகள் மாவில் சுருட்டும் அந்தக் கதை இந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய், படத்தில் உள்ள மாடிப்படியையும் அலமாரியையும் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஜெமைமா வாத்து கதையில் வரும் டவர் பேங்க் ஆர்ம்ஸ் விடுதி பக்கத்திலேயே இருக்கிறது. பவ்னஸில் பாட்டரின் கதைப் பிராணிகளைப் பொம்மைகளாக நிறுத்தி வைத்த கண்காட்சி ஒன்றும் உண்டு. பேத்தி ரொம்பச் சின்னவள் என்றால் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

எழுத்தாளர் ஆசை வருமா? ஆடு மேய்க்கும் ஆசை வந்தால் சம்மதமா? ஏனென்றால், பாட்டருக்கு அதுதான் நடந்தது. 1913-ல், 47 வயதில், உள்ளூர் வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்து எதிரிலேயே காசில் காட்டேஜில் குடியேறினார். அதற்குப் பிறகு புத்தகங்கள் குறைந்தன, பண்ணைகள் கூடின. ஹெர்ட்விக் என்ற மலைப்பகுதிச் செம்மறியாட்டு இனத்தை வளர்த்துப் போட்டிகளில் பரிசு வாங்கினார். 1943-ல் அவர் இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலமும் 14 பண்ணைகளும், நிலங்களையும் பழைய வீடுகளையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போயின. மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகளே தொடர வேண்டும் என்று உயிலில் எழுதிவைத்தார். ஆகவே வீட்டுக்குள் அரைமணி போதும்; மிச்ச நேரத்தை வெளியே செலவழியுங்கள். நீங்கள் நடக்கப்போகும் சரிவுகளில் பல, யாரும் வீடு கட்டி விற்காதபடி அவர் வாங்கிப்போட்டவை.

இன்னொன்று. பாட்டரை நம் ஊர் நன்னெறிப் பாட்டியாக்கிப் பேரனுக்கு அறிமுகம் செய்யாதீர்கள். பீட்டரின் அப்பாவை மிஸஸ் மெக்ரெகர் மாவுக்குள் வைத்துச் சுடும் 'பை' பண்டமாக்கிவிட்டதைக் கதையின் தொடக்கத்திலேயே அலட்டாமல் சொன்னவர் அவர். சின்ன வயதில் செத்த பிராணிகளை வேகவைத்து எலும்புக்கூட்டை எடுத்து வரைந்தவர். பேரன் வழியில் ஏதாவது புழுவை எடுத்துப் பார்த்தால் "சீ, போடு" என்று அதட்டாமல் இருந்தால் போதும்.

ஏப்ரல் நல்ல மாதம்தான், ஆடுகள் குட்டி போடும் நேரம். ஹெர்ட்விக் குட்டி பிறக்கும்போது கறுப்பாக இருக்கும், வளர வளர வெளுக்கும். குட்டியும் தாயும் வேறு வேறு சாதியா என்று பேத்தி கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும். குடையை நம்பாதீர்கள், காற்று பிய்த்துவிடும். நால்வருக்கும் மழைக்கோட்டு வாங்குங்கள்; மாப்பிள்ளை வருவதாக இருந்தால் அவருக்கும்.