மண்டையோட்டுத் துளைகளும் நரம்புகளும்: கேட்டவர்களுக்குப் பதில்

குமரி எல்லையில் நர்சிங் பிள்ளைகளுக்கு உடற்கூறு நடத்துகிறேன். மண்டையோட்டுத் துளைகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் அவசரமானது முதலில்.

கேள்வி (ஆறுகாணி): ரப்பர் பால்வெட்டுத் தொழில். நேற்று வெட்டு முடிந்து சாயா குடித்தபோது இடது கடைவாயில் ஒழுகியது, இடது கண்ணும் மூடவில்லை. பனிக்காற்றா, பக்கவாதமா?

பதில்: அண்ணே, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இரண்டு புருவத்தையும் தூக்கும்போது இடது நெற்றியிலும் சுருக்கம் விழவில்லை என்றால் பெரும்பாலும் முகநரம்புக் கோளாறு. நெற்றி சுருங்கி வாய் மட்டும் கோணினால், அல்லது கை கால் தளர்ந்தால், பேச்சு குழறினால், பக்கவாதமாக இருக்கலாம், ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. எதுவானாலும் டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

முகநரம்பு காதெலும்புக்குள் சுமார் 3 சென்டிமீட்டர் வளைந்து ஓடி, காதுக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முண்டை ஒட்டி, கீழே உள்ள ஸ்டைலோமாஸ்டாய்டு துளை வழியாக வெளியே வருகிறது. உள்ளே ஓரிடத்தில் அந்தப் பாதை ஒரு மில்லிமீட்டர்கூட அகலமில்லை. நரம்பு வீங்கினால் விரிய இடமேது? அந்த வீக்கத்தை வற்றவைக்கத்தான் ஸ்டீராய்டு மாத்திரை, 72 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும், உங்களுக்கு ஒரு நாள் போய்விட்டது. கண்ணை விட்டுவிடாதீர்கள், காய்ந்தால் கருவிழி புண்ணாகும்: பகலில் சொட்டு மருந்து, ராத்திரி இமையை மூடி டேப். வெட்டுக்குப் போனால் பட்டைத் தூள் விழாமல் கண்ணாடி போடுங்கள்.

கேள்வி (கொல்லங்கோடு, நர்சிங் மாணவி): மண்டையோட்டு அடியில் இருக்கும் ரொட்டண்டம், ஓவேல், ஸ்பைனோசம் என்ற மூன்று துளைகளும் குழம்புகிறது சார்.

பதில்: மனப்பாடம் பண்ணாதே மக்களே, துடைப்பத்தில் இருந்து ஓர் ஈர்க்கில் உருவிக்கொண்டு போ. மண்டையோட்டின் உள்பக்கம் ரொட்டண்டத்தில் விட்டால் ஈர்க்கில் முன்னால் கன்னத்தைப் பார்த்து ஓடும். முக்கிளை நரம்பின் இரண்டாம் கிளை அதில் போகிறது, கன்னம், மேல் பல்லெல்லாம் அதன் பொறுப்பு. கொஞ்சம் பின்னால், முட்டை வடிவில் இருக்கும் ஓவேலில் விட்டால் நேராகக் கீழே இறங்கும்; மூன்றாம் கிளை, கீழ்த்தாடைக்கும் மெல்லும் தசைகளுக்கும். அதற்கும் பின்னால் வெளிப்பக்கமாகக் குண்டூசி போகிற அளவில் ஸ்பைனோசம். அதில் முக்கியமாக மூளையுறைத் தமனி வருகிறது. தேங்காய் விழுந்து பொட்டெலும்பு உடைந்தால் கிழிவது பெரும்பாலும் இந்தத் தமனிதான். எழுந்து நன்றாகப் பேசியவர், உள்ளே ரத்தம் தேங்கி மூளையை அழுத்த, சில மணி நேரத்தில் மயங்குவார். இப்படி அடிபட்டவரை ‘தெளிஞ்சாச்சே’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதே. மூன்று துளையிலும் இதுதான் நீ மறக்கக்கூடாதது.

கேள்வி (களியக்காவிளை): பைக் விபத்தில் பின்மண்டை அடிபட்டது, இப்போது மீன்குழம்பு வாசம்கூடத் தெரியவில்லை.

பதில்: தம்பி, மூக்கின் கூரையில் சல்லடை போல ஓர் எலும்பு, அதன் பொடித் துளைகளில் வாசனை நரம்பின் இழைகள் ஏறுகின்றன. பின்னால் அடி விழுந்து மூளை குலுங்கும்போது இழைகள் அறுந்துவிடும். சிலருக்குச் சில மாதங்களில் ஓரளவு திரும்பும், எல்லாருக்கும் இல்லை. மூக்கில் தண்ணீர் மாதிரி தெளிவாக ஒழுகினால் அது மூளைத் தண்டுவட நீராக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போ. சிலிண்டர் கசிவு உனக்குத் தெரியாது, வீட்டில் காஸ் அலாரம் மாட்டு.

கேள்வி (குழித்துறை): கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ஊசி போட்டார்கள், உதடு ஏன் மரத்தது?

பதில்: தாடையின் உள்பக்கத் துளையில் நுழையும் நரம்பு பல் வேர்களுக்கு அடியில் ஓடி, முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே இன்னொரு துளையில் வெளிவந்து உதட்டுக்கும் மோவாய்க்கும் போகிறது அக்கா. ஊசி நுழைவாயிலில் போட்டது. மரப்பு விடும்வரை சூடாக எதுவும் குடிக்காதீர்கள், உதடு வெந்தாலும் தெரியாது. மறுநாளும் விடவில்லை என்றால் போட்டவரிடம் காட்டுங்கள்.